வீட்டு விலை இறங்கும் காலத்தில் வாங்குவதும், கடனை மாற்றுவதும், முதலீடு செய்வதும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு உதவி கேட்டு வரும் மனுக்களில் மருத்துவச் செலவும் கல்விச் செலவுமே அதிகம். அண்மைக் காலமாக மூன்றாவது வகை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அதுதான் வீட்டுக் கடன். மனை, வீடு விலை மந்தமாக இருக்கும்போதெல்லாம் இந்த மனுக்கள் கூடுவதைக் கவனித்து வருகிறோம். அதே நேரத்தில் இன்னொரு சாரார் வந்து, "விலை இறங்கிக் கிடக்கிறதே, இப்போது வாங்கிப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். ஒரே மஹல்லாவில் ஒருவருக்கு இடியாக இறங்குவது இன்னொருவருக்கு வாய்ப்பாகத் தெரிகிறது. இரு சாராருக்குமாகச் சேர்த்து இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். ஒரு நாள் ளுஹருக்குப் பிறகு ஒரு சகோதரி கையில் ஒரு பையோடு வந்தார். கணவர் சவூதியில் வேலை பார்த்தவர். வேலை போய் ஊர் திரும்பி ஏழு மாதம். பையில் வங்கியிலிருந்து வந்த மூன்று கடிதங்கள் இருந்தன. இரண்டு உறைகள் பிரிக்கப்படவே இல்லை. "இங்கிலீஷில் இருக்கும், பிரித்தால் பயம்தான் கூடும் என்று வைத்துவிட்டோம் பாய்" என்றார். நாம் பிரித்துப் பார்த்தபோது, கடைசிக் கடிதம் வீட்டைக் கையகப்படுத்தும் முன் கொடுக்கப்படும் 60 நாள் நோட்டீஸ். அதில் 11 நாட்களே மீதி இருந்தன.

அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறோம். அந்த உறைகளைப் பிரிக்கும் துணிவையும், பிரித்தால் புரிந்துகொள்ளும் அறிவையும் நம் வீடுகளுக்குத் தருவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

1. விலை இறங்கினாலும் கடன் இறங்காது

வட்டி ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அல் பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் வியாபாரத்தையும் வட்டியையும் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் ஏன் இந்தப் பிரிவு என்பதை விலை ஏறும் காலத்தில் மக்களுக்குப் புரியவைப்பது கடினம். "நானும் லாபம் பார்த்தேன், வங்கியும் லாபம் பார்த்தது, யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பார்கள். விலை இறங்கும்போது கணக்கே பதில் சொல்லிவிடும்.

25 லட்ச ரூபாய்க்கு ஒருவர் வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 5 லட்சம் போடுகிறார். 20 லட்சம் வங்கிக் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு. நம் மாநிலத்தில் முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 2 லட்சத்து 25 ஆயிரம் ஆகிறது. மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் மாதத் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,995 ரூபாய்தான்.

ஒரு மாதம்கூடத் தவறாமல் ஐந்து ஆண்டு கட்டுகிறார். கட்டிய தொகை ஏறத்தாழ 10 லட்சத்து 80 ஆயிரம். கடன் பாக்கி எவ்வளவு? 17 லட்சத்து 74 ஆயிரம். பத்து லட்சத்துக்கு மேல் கட்டியும் அசலில் குறைந்தது 2 லட்சத்து 26 ஆயிரம் மட்டுமே.

இந்த நேரத்தில் வேலை போகிறது. சந்தையும் இறங்கி, வீடு 20 லட்சத்துக்குத்தான் போகிறது. விற்றுக் கடனை அடைத்தால் கையில் மிஞ்சுவது 2 லட்சத்து 26 ஆயிரம். அவர் போட்டதோ முன்பணம், பதிவுச் செலவு, தவணை எல்லாம் சேர்த்து 18 லட்சத்துக்கு மேல். அதே வீட்டில் மாதம் 8,000 ரூபாய் வாடகைக்கு இருந்திருந்தால் ஐந்து ஆண்டில் 4 லட்சத்து 80 ஆயிரம்தான் செலவாகியிருக்கும்.

வீட்டின் விலையில் 5 லட்சம் குறைந்தது. அந்த நஷ்டத்தில் கடன் கொடுத்தவர் ஒரு ரூபாயும் ஏற்கவில்லை. முழுதும் குடும்பத்தின் தலையில் விழுந்தது. லாபத்தில் பங்கு, நஷ்டத்தில் பங்கு என்பது வியாபாரம். நஷ்டம் யாருடையதாக இருந்தாலும் என் வரவு மாறாது என்பது வட்டி.

2006க்குப் பிறகு அமெரிக்காவில் இதுவே நாடு தழுவிய அளவில் நடந்தது. முதல் இரண்டு ஆண்டு குறைந்த வட்டி, அதன்பின் கூடும் வட்டி என்று வருமானம் பாராமல் கடன் கொடுத்தார்கள். விலை ஏறிக்கொண்டே இருக்கும், ஏறினால் வேறு கடனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மக்கள் வாங்கினார்கள். விலை திரும்பியதும் மாற்றும் வழி அடைந்துபோனது. 2012க்குள் சராசரி வீட்டு விலை உச்சத்திலிருந்து நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகி லட்சக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிறுவனமே விழுந்தது.

2. நம் அறக்கட்டளை கற்ற பாடம்

பிறருக்குச் சொல்லும்முன் நம் தவற்றையும் சொல்லிவிடுவது அமானிதம். 2015இல் நாமும் ஒரு மனைப் பிரிவில் இரண்டு மனைகள் வாங்கினோம். இரண்டு மூன்று ஆண்டில் விலை இரட்டிக்கும், விற்று மக்தப் கட்டடத்துக்குப் பயன்படுத்தலாம் என்பது எண்ணம். அந்த மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் இல்லை. "எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்" என்று தரகர் சொன்னதை நாமும் ஏற்றுக்கொண்டோம்.

2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு மாதத்தில் நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பு வந்தது. சந்தை அப்படியே நின்றுவிட்டது. 2017 மே மாதம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்த பிறகு, கட்டணம் கட்டி, வரைபடம் கொடுத்து, அலைந்து, அந்த மனைகளைச் சீர்படுத்தி விற்க நான்கு ஆண்டாயிற்று. போட்ட அசல் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த நான்கு ஆண்டும் மக்தப் பிள்ளைகள் தகரக் கூரையின் கீழ்தான் ஓதினார்கள். பொதுப் பணத்தை ஊகத்தில் போடக்கூடாது என்று அதன்பின் நிர்வாகக் குழுவில் தீர்மானம் எழுதினோம்.

மனை விலை ஒருநாளும் இறங்காது என்ற பேச்சை இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது. விலை இறங்குவதைவிட, வாங்க ஆளே இல்லாமல் போவது பெரிய சோதனை.

3. கடனில் இருப்பவர்களுக்கு: மாற்றுவதா, தொடர்வதா?

வட்டிக் கடன் வாங்கியிருப்பவர்களில் பலர் அதற்காக வருந்தி, எப்படி வெளியே வருவது என்று கேட்கிறார்கள். தவ்பாவோடு திட்டமும் வேண்டும். கடனை வேறு வங்கிக்கு மாற்றுவதைப் புதிய கடன் வாங்கும் வாய்ப்பாகப் பார்க்காமல், வெளியேறும் வழியின் ஒரு படியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள். மாறும் வட்டிக் கடனில் வட்டி கூடும்போது பல வங்கிகள் தவணைத் தொகையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடுகின்றன. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. இந்த இரண்டரைப் புள்ளி ஏற்றம் என்ன செய்யும் என்று பாருங்கள். 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 20 லட்சம் வாங்கியவரின் தவணை 15,506 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து அவர் பாக்கி சுமார் 19 லட்சம். வட்டி 9.5 ஆகிவிட்டால் மாத வட்டி மட்டுமே 15,053 ரூபாய். தவணையை மாற்றாமல் விட்டால் அசலில் கழிவது முதல் மாதம் 453 ரூபாய். 18 ஆண்டில் முடிய வேண்டிய கடன் 37 ஆண்டைத் தாண்டும்! தவணை மாறவில்லை என்று நிம்மதியாக இருந்த குடும்பத்துக்கு, அடுத்த தலைமுறைக்கும் கடன் போகிறது என்பதே தெரியாது.

இதைக் கண்டுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது அதை வங்கி தெரிவிக்க வேண்டும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று கடனாளியைக் கேட்க வேண்டும். எனவே இன்றே உங்கள் கிளைக்குப் போய் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: இன்றைய பாக்கி எவ்வளவு, இன்றைய வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம்?

இரண்டாவது, மாற்றும் முன் உள்வங்கியிலேயே பேசிப் பாருங்கள். ஒரு சிறு கட்டணத்துக்கு வட்டியைக் குறைத்துத் தரும் ஏற்பாடு பல வங்கிகளில் உண்டு. மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று 2012 முதல் ஆணை இருக்கிறது. வேறு வங்கிக்குப் போவதாக இருந்தால் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், பத்திர ஒப்படைப்புப் பதிவு ஆகிய செலவுகளைக் கூட்டி, குறையும் வட்டியோடு ஒப்பிட வேண்டும். விலை இறங்கிய காலத்தில் புதிய வங்கி வீட்டைக் குறைவாக மதிப்பிடும். பாக்கிக்குப் போதுமான மதிப்பு இல்லையென்றால் மாற்ற மறுத்துவிடும். இதையும் எதிர்பார்த்தே போக வேண்டும்.

மூன்றாவது, காலத்தை நீட்டும் வலையில் விழாதீர்கள். மேலே சொன்ன 17 லட்சத்து 74 ஆயிரம் பாக்கிக்காரருக்கு மீதி 15 ஆண்டு. அவர் 8 சதவீதத்துக்கு மாற்றுகிறார். மூன்று வழிகள் உண்டு.

அதே 15 ஆண்டுக்கு எடுத்தால் தவணை சுமார் 16,955. மாதம் 1,040 ரூபாய் மிச்சம். மொத்தத்தில் 1 லட்சத்து 87 ஆயிரம் குறையும்.

மீண்டும் 20 ஆண்டு என்று எடுத்தால் தவணை 14,840 ஆகிவிடும். மாதம் மூவாயிரத்துக்கு மேல் குறைந்தது என்று மனம் குளிரும். ஆனால் இனிக் கட்டப்போகும் மொத்தம் 35 லட்சத்து 61 ஆயிரம். மாற்றாமலே இருந்திருந்தால் 32 லட்சத்து 39 ஆயிரம்தான். வட்டி விகிதம் குறைந்தும் மூன்று லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போகிறது.

மூன்றாவது வழி, வட்டி குறைந்தாலும் பழைய தவணையான 17,995ஐயே தொடர்ந்து கட்டுவது. கடன் 18 மாதத்துக்கு மேல் முன்னதாகவே முடிந்துவிடும். சுமார் 3 லட்சத்து 39 ஆயிரம் மிச்சம். முடிந்தவர்கள் இந்த வழியையே பிடியுங்கள்.

மாற்றும்போது "டாப்-அப்" என்று கூடுதல் கடன் தருவார்கள். கல்யாணச் செலவுக்கும் காருக்கும் அதை வாங்கியவர்களின் கண்ணீரை நாம் பார்த்திருக்கிறோம். நகை பீரோவில் இருந்து, கடன் வங்கியில் இருந்தால், நகையை விற்று அசலைக் குறைப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனம். அந்த நகை மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து தந்தால் மட்டுமே தொடலாம், அதையும் கடனாக எழுதி வைக்க வேண்டும்.

கடனை முழுதும் அடைத்தவர்கள் பத்திரத்தை உடனே கேட்டு வாங்குங்கள். 2023 டிசம்பர் முதல், கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தராவிட்டால், வங்கி தன் தவறால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் தர வேண்டும்.

4. தவணை தவறியவர்களுக்கு

தொடர்ந்து 90 நாள் தவணை நிலுவையானால் அது வாராக் கடன் ஆகிறது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாட்களுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். 60 நாள் கழிந்த பின்னரே வீட்டைக் கையகப்படுத்தலாம். அந்த நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள் உண்டு. ஏலத்துக்கு முன்பும் அறிவிப்பு வர வேண்டும். பாக்கி முழுவதையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் உறுதி. அதனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கெடு உண்டு. பிரிக்காத உறைக்குள்ளும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். வேலை போனதற்கான கடிதத்தோடு, தவணையை மாற்றியமைக்க எழுத்தில் விண்ணப்பியுங்கள். இனிக் கட்ட வழியே இல்லை என்று தெரிந்தால், ஏலம் வரை காத்திராமல் வங்கியின் சம்மதத்தோடு நீங்களே விற்றுவிடுங்கள். ஏலத்தில் போவதைவிட நீங்கள் நின்று விற்கும் விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

அந்தச் சகோதரியின் விஷயத்துக்கு வருவோம். நம் நிர்வாகி ஒருவரும் ஒரு வழக்கறிஞரும் மறுநாளே அவரோடு வங்கிக்குப் போனார்கள். வீட்டை விற்றுக் கடனை அடைப்பதாக எழுதிக் கொடுத்து மூன்று மாத அவகாசம் பெற்றார்கள். பிறகுதான் நமக்கு மனவருத்தமான ஒன்று தெரிந்தது. அந்த வீட்டைப் பார்க்க வந்தவர்களில் இருவர், "ஏலத்துக்கு வரட்டும், இன்னும் மலிவாகக் கிடைக்கும்" என்று பேசிக்கொண்டு ஒதுங்கியிருக்கிறார்கள். இருவரும் நம்மோடு முன் ஸஃப்பில் நிற்பவர்கள். கடைசியில் பக்கத்துத் தெரு ஆசிரியர் ஒருவர், முஸ்லிமல்லாதவர், அக்கம்பக்கத்து விலையை விசாரித்து அதே விலைக்கு வாங்கினார். கடன் அடைந்தது. கையில் கொஞ்சம் மிஞ்சியது. குடும்பம் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறது. வீடு போனது உண்மைதான். ஆனால் இரவில் தூங்குகிறோம் என்று அந்தச் சகோதரி சொன்னார்.

நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேல் என்றும் அல் பகரா 280ஆம் வசனம் சொல்கிறது. நாம் வங்கியைக் குறை சொல்வதற்குமுன், நமக்குள் உள்ள கைமாற்றுக் கடன்களில் இதைக் கடைப்பிடிக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கடனில் மூழ்கியோர் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் அடங்குவர் என்பது அத்தவ்பா 60ஆம் வசனத்திலிருந்து நாம் அறிந்ததே. அத்தகைய மனுக்களை நம் ஜகாத் குழு உலமாக்களின் ஆலோசனையோடு தனித்தனியே பார்க்கிறது.

5. இப்போது வாங்கலாமா?

குடியிருக்க வாங்குவது வேறு, விலையேறும் என்று வாங்கிப் போடுவது வேறு.

குடியிருக்க வாங்குபவருக்கு மந்தகாலம் நல்ல காலம்தான். அவசரம் காட்ட ஆள் இல்லை, பேரம் பேசலாம், ஆவணங்களைப் பார்க்க நேரம் கிடைக்கும். ஆனால் மலிவாக வரும் சொத்துகளில் வில்லங்கமும் சேர்ந்து வரும். ஆகவே இவற்றைப் பாருங்கள்:

தாய்ப்பத்திரம் தொடங்கி உரிமை தொடர்ச்சியாக வந்திருக்கிறதா? குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, புல வரைபடத்தில் அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பத்திரம் அடமானத்தில் இருக்கலாம்.

வாரிசுச் சொத்தா? நம் ஃபராயிழ் சட்டப்படி பெண் மக்களுக்கும் பங்கு உண்டு. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்திட்டால் போதாது. சகோதரிகளின் பங்கை விழுங்கிய வீடு மலிவாகக் கிடைத்தாலும் அதில் பரகத் இருக்காது, வழக்கும் வரும்.

வக்ஃப் நிலமா? வக்ஃப் வாரியப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். இதில் நம்மவர்களே ஏமாந்ததும், நம்மவர்களே ஏமாற்றியதும் உண்டு.

பவர் பத்திரம் மட்டும் காட்டுகிறார்களா? பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் மட்டும் சொத்துரிமை மாறாது என்று 2011இல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்யவில்லையா என்று பார்த்து, கிரயப் பத்திரமாகவே பதிய வேண்டும்.

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. மந்தகாலத்தில் கட்டுநரின் பணம் வற்றிப் பாதியில் நிற்கும் கட்டடங்கள் அதிகம். முடிந்த வீடு சற்று விலை கூடினாலும் பாதுகாப்பு.

நீங்கள் பேசி முடித்த விலை அரசு வழிகாட்டி மதிப்புக்குக் கீழே இருந்தால், முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்புக்கே கேட்பார்கள். அதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

வங்கி ஏலத்தில் வாங்க எண்ணுபவர்கள் இரண்டு தடவை யோசியுங்கள். ஏலம் முடிந்ததும் 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதிக்கு ஏலம் உறுதியானதிலிருந்து 15 நாள்தான், தவறினால் கட்டியது போய்விடும். பல ஏலங்களில் வங்கியிடம் இருப்பது காகிதத்தில் உள்ள கையகம்தான். உள்ளே குடும்பம் இருக்கும். வரி, மின்கட்டணப் பாக்கியும் உங்கள் தலையில் வரலாம். இவை சட்டச் சிக்கல்கள். மார்க்கத்தின் பக்கத்தில், நிர்ப்பந்தத்தில் தவிப்பவனின் பொருளை அடிமாட்டு விலைக்கு வாங்குவதை நம் ஃபுகஹாக்கள் வெறுத்திருக்கிறார்கள். அவனுக்கு உதவுவது அல்லது நியாய விலை கொடுப்பது என்பதே முஃமினின் பண்பு.

விலையேறும் என்று வாங்கிப் போடுவோர் ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 8,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 96,000. அது 3.2 சதவீதம். வரி, வெள்ளையடிப்பு, காலியாகக் கிடக்கும் மாதங்கள் போக இன்னும் குறையும். அந்தப் பணம் ஒரு சிறு தொழிலில் முளாரபாவாகப் போயிருந்தால் இரண்டு பேருக்கு வேலை கிடைத்திருக்கும்.

விற்பதற்காகவே வாங்கிய மனை வியாபாரப் பொருள். அதற்கு ஜகாத் உண்டு. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின்படி ஆண்டுதோறும் அன்றைய சந்தை விலையைக் கணக்கிட வேண்டும். 8 லட்சத்துக்கு வாங்கியது இன்று 6 லட்சம் என்றால் 6 லட்சத்துக்கு இரண்டரை சதவீதம், 15,000 ரூபாய். விலை ஏறுவதற்காகக் காத்திருந்து தேங்கிய பொருளுக்கு, விற்ற பின் ஓராண்டு ஜகாத் கொடுத்தால் போதும் என்பது மாலிகி மத்ஹபின் கருத்து. நெருக்கடியில் இருப்பவர்கள் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கும், வீடு கட்டவென்றே வைத்திருக்கும் மனைக்கும் ஜகாத் இல்லை.

6. வட்டியில்லாமல் வழி உண்டா?

நம் நாட்டில் வட்டியில்லா வங்கிமுறைக்கான யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது 2017இல் வெளியாயிற்று. ஆகவே வங்கிகளிடம் அதை எதிர்பார்க்க இயலாது. குடும்பத்துக்குள்ளேயே செய்யக்கூடிய ஒன்றை உலமாக்கள் காட்டித் தருகிறார்கள். அதுதான் குறைந்துசெல்லும் முஷாரகா.

25 லட்ச ரூபாய் வீடு. குடியிருப்பவர் 10 லட்சம், மச்சானும் சித்தப்பாவும் சேர்ந்து 15 லட்சம். பங்கு 40க்கு 60. இருவர் பெயரும் அவர் பெயரோடு பத்திரத்தில் ஏறுகிறது. வாடகை மதிப்பு 8,000 என்றால், பங்காளிகளின் பங்குக்கு 4,800 ரூபாய் மாதந்தோறும் கொடுக்கிறார். கையில் பணம் சேரச் சேர அவர்கள் பங்கை வாங்குகிறார். வாங்க வாங்க வாடகையும் குறைகிறது.

விலை 20 லட்சமாக இறங்கினால் பங்காளிகளின் பங்கு 12 லட்சம், அவருடையது 8 லட்சம். நஷ்டத்தை அவரவர் பங்குக்கு ஏற்றபடி சுமக்கிறார்கள். முன்பு ஒரு சதவீதப் பங்கு 25,000. இப்போது 20,000க்கு வாங்கலாம். விலை ஏறினால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். "என்ன ஆனாலும் போட்ட 15 லட்சத்தையே திருப்பித் தர வேண்டும், வாடகையும் வேண்டும்" என்று முன்பே நிபந்தனை போட்டால் அது பெயர் மாற்றிய வட்டி. அந்த நேரத்துச் சந்தை விலை, அல்லது அப்போது இருவரும் மனமொத்துப் பேசும் விலை என்பதே நிபந்தனை.

எழுதாமல் செய்யாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதவும் சாட்சி வைக்கவும் சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். பங்காளி மவுத்தானால் அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு சிறு பங்கையும் பதிந்தால் செலவு கூடும் என்பதால், எப்போது எப்படிப் பதிவது என்று ஆவண எழுத்தரிடம் முன்பே கேளுங்கள்.

ஒத்தி பற்றியும் ஒரு சொல். ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, போகும்போது ஐந்து லட்சத்தையும் முழுதாக வாங்கிக்கொள்வது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. கொடுத்த கடனுக்காக அனுபவிக்கும் பயன் வட்டியே என்று உலமாக்கள் எச்சரிக்கிறார்கள். அதற்குப் பதிலாக நியாயமான வாடகையைப் பேசி, கொடுத்த தொகையை முன்வாடகையாக வைத்து மாதாமாதம் கழித்துக்கொள்ளலாம்.

முடிவாக

கடனிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவது நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் வழக்கமாகச் செய்து வந்தது. வீடு அல்லாஹ்வின் அருட்கொடை. ஆனால் அதை வாங்குவதற்காகக் குடும்பத்தின் நிம்மதியை விற்க வேண்டியதில்லை. சந்தை ஏறும், இறங்கும். வாடகை வீட்டில் வாழ்ந்து கடனில்லாமல் கபுருக்குப் போனவர் தோற்றவர் அல்லர்.

வங்கிக் கடிதம் எதுவாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. கட்டணம் இல்லை, வெளியே சொல்லவும் மாட்டோம். உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்தாலும் சரி.

மஹல்லா வகுப்பில் கலந்துரையாட

1. விலை இறங்கும்போது வட்டிக் கடனிலும் முஷாரகாவிலும் நஷ்டம் யார் யாருக்குப் போகிறது? மேலே உள்ள கணக்கை வைத்து விளக்குக.

2. தவணை குறைந்தும் மொத்தச் செலவு கூடுவது எப்படி?

3. நம் தெருவில் ஒரு குடும்பத்தின் வீடு ஏலத்துக்கு வருகிறது என்று அறிந்தால், ஜமாஅத் செய்ய வேண்டிய முதல் காரியம் என்ன?

4. உங்கள் வீட்டிலுள்ள கைமாற்றுக் கடன்கள் அனைத்தும் எழுதப்பட்டிருக்கின்றனவா?

அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காத்து, ஹலாலான ரிஸ்கைப் போதுமானதாக ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர், அறக்கட்டளை நிர்வாகக் குழுவுக்காக